கொடை வற்றாத குடில்: மூதறிஞர் இராஜாஜியின் புதுப்பாளையம் வாழ்வு

முன்னுரை

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் மேற்கே காவிரியும் எல்லையாக அமைய, இடையே விரிந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. இது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும் விளையும். பொய்த்தால் கிணற்று நீரும் கீழே போய்விடும். எனினும் இம்மண் ஈகைக்குப் பெயர் பெற்றது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சங்க இலக்கியத்தில் போற்றப்படுகிறான். பிற்காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் தோன்றக் காரணமாக இருந்தார் என்பதையும் தமிழுலகம் நன்கறியும்.

ஓரியும் சீதக்காதியும் தம் கையால் எடுத்து, எதிரே நின்றவர் கையில் கொடுத்தவர்கள். கொடுத்த பொருள் சென்று சேர்ந்ததா என்னும் ஐயம் அவர்களுக்கு எழ வழியில்லை. பெற்றவர் முகமே அதற்குச் சான்று. நம் காலத்துக் கொடை அவ்வாறானதன்று. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஓர் அறநிலையம் நிற்கிறது. பள்ளி, கல்லூரி, அனாதை இல்லம், மருத்துவமனை, அறக்கட்டளை என்று அதன் பெயர் எதுவாயினும், கொடுத்தவர் தம் பொருளால் பயன்பெற்ற முகத்தைப் பெரும்பாலும் காண்பதில்லை. காணாமலேயே ஒருவர் ஒருமுறை கொடுத்துவிடலாம். ஆயின் ஆண்டுதோறும் ஏன் கொடுக்கிறார்? இன்னொருவர் ஒருமுறை கொடுத்ததோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்?

கொடையாளர்களின் பொருளால் எழுந்து, அவர்களின் நல்லெண்ணத்தால் நடைபெறும் கல்வி நிலையத்தில் இருக்கும் நமக்கு இவ்வினா மிக நெருக்கமானது. இதற்கு விடை தேட, இதே சமவெளியில் ஓர் அறநிலையத்தைக் கட்டி வளர்த்த ஒருவரின் வாழ்வை நாம் துணையாகக் கொள்வோம். மூதறிஞர் எனப் போற்றப்பட்ட சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அவர். இந்தியாவின் தலைமை ஆளுநராக அவரை உலகறியும். நாம் இங்குக் காண விழைவது, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் குடிசை கட்டி வாழ்ந்த இராஜாஜியை.

சேலத்து வழக்கறிஞர்

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். இன்று கிருட்டினகிரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் அவ்வூர் முனிசீப்பாகப் பணியாற்றியவர். ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, சட்டத்தில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே மாவட்டத்தின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவராக உயர்ந்தார். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் போன்ற பெரியோர் வாழ்ந்த ஊரில், இளைஞரான அவர் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார்.

பொருளீட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1916இல் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சேலத்தில் ஒரு கழகம் அமைவதற்கு முன்னின்றார். பயிற்று மொழி பற்றிய வாதங்கள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, வேதியியலையும் இயற்பியலையும் தமிழில் கூறச் சொற்கள் வேண்டும் என்று எண்ணியவர் அவர் என்பதைத் தமிழ்த்துறை மாணவர் மறத்தல் ஆகாது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரைக் குடிநீர்க் குழாய்ப் பணியில் அமர்த்தியபோது உயர்வகுப்பினர் வாழ்ந்த தெருக்களிலிருந்து எழுந்த எதிர்ப்பையும் பொருட்படுத்தவில்லை. தம் சொந்த இனத்தாரின் மனக்கசப்பை ஏற்றுக்கொண்டு செய்த செயல் இது.

இவ்வாண்டுகளில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரும் நேர்ந்தது. மனைவியார் அலமேலு மங்கம்மாள் இளவயதிலேயே காலமானார். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் மேல் வீழ்ந்தது. பின்னர் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் அவர் தங்கியிருந்த இல்லத்திலேயே தங்கினார். 1920இல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் கைகோத்து எழுந்தபோது, நல்ல வருவாய் தந்த தொழிலை இராஜாஜி முற்றிலும் துறந்தார். 1921 டிசம்பரில் சிறை புகுந்து வேலூரில் மூன்று மாதங்கள் கழித்தார். பிறர் பணத்தைக் கேட்பதற்கு முன்னர், அவர் தம் பணத்தை விட்டார். கொடையாளரின் நம்பிக்கைக்கு இதுவே முதற்படி எனலாம். கேட்பவர் எதனை இழந்தார் என்று பாராமல் எவரும் நெடுநாள் கொடுப்பதில்லை.

கடல் கடந்து வந்த பாடம்

இராஜாஜி பொருள் பெறுபவராவதற்கு முன்னர்ப் பொருள் தருபவராக இருந்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவருடைய சிறை அனுபவங்களைச் சிறு நூலாகச் சேலத்திலிருந்து அச்சிட்டுப் பரப்பினார். அப்போராட்டத்திற்கு நிதி திரட்டியும் அனுப்பினார். தாம் என்றும் கண்டிராத ஒருவருக்கு, தாம் என்றும் செல்லாத நாட்டிற்குச் சேலத்து வழக்கறிஞர் பொருள் அனுப்பியது எதனால்? அங்கே நடப்பது என்ன என்பது எழுத்து வடிவில் அவர் கைக்கு வந்து சேர்ந்ததால்தான். செய்தி வந்தது, நம்பிக்கை பிறந்தது, பொருள் சென்றது.

பொதுப்பணத்தைக் கையாளும் முறையைக் காந்தியடிகளும் அங்கேதான் கற்றார். 1893இல் அவரைத் தென்னாப்பிரிக்காவிற்கு அழைத்துச் சென்றது தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனம். 1894இல் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் அப்துல்லா ஹாஜி ஆதம் என்னும் வணிகரே. மாதச் சந்தாவே அச்சங்கத்தின் உயிர். சந்தா திரட்ட ஊர் ஊராகச் சென்ற நிகழ்ச்சி ஒன்றைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் விவரித்துள்ளார். டோங்காட் என்னும் ஊரில் ஒரு செல்வர் மூன்று பவுனுக்கு மேல் தர மறுத்தார். சென்றவர்களோ ஆறு பவுன் பெறாமல் உணவருந்துவதில்லை என்று அமர்ந்துவிட்டனர். இரவு முழுதும் பசியோடு கழிந்தது. விடியற்காலையில் செல்வர் மனமிரங்கி ஆறு பவுனைத் தந்து விருந்தும் அளித்தார்.

இந்நிகழ்ச்சி இனியது; ஆயினும் இவ்வாறு பெறுவது ஒருமுறைக்கு மட்டுமே பொருந்தும். விருந்தினர் பசித்திருக்கிறாரே என்னும் நாணத்தால் முதற்கொடை வரலாம். ஆண்டுதோறும் நாணத்தால் கொடுப்பார் எவருமிலர். இதனைக் காந்தியடிகள் உணர்ந்தே இருந்தார். ஒவ்வொரு காசிற்கும் பற்றுச்சீட்டுத் தருவதையும், கணக்கைத் துல்லியமாக வைப்பதையும் அச்சங்கத்தில் நிலைநாட்டினார். பெரும் நிலைநிதியைச் சேர்த்து அதன் வட்டியில் வாழும் பொதுநிறுவனம், மக்கள் கருத்தை மதியாமல் போய்விடும் என்றும், ஆண்டுக்காண்டு மக்கள் தரும் சந்தாவே அதற்குச் சரியான உரைகல் என்றும் பிற்காலத்தில் கருதினார். மக்கள் கொடுப்பதை நிறுத்தினால், அந்நிறுவனம் தன் கடமையில் தவறிவிட்டது என்பது பொருள். இந்த மரபையே இராஜாஜி தம் சொந்த மாவட்டத்திற்குக் கொண்டுவந்தார்.

புதுப்பாளையத்துக் குடில்

கதர்ப் பணிக்கும் மதுவிலக்குப் பணிக்கும் நிலையான ஓரிடம் வேண்டும் என்று இராஜாஜி எண்ணியபோது, திருச்செங்கோட்டுப் பகுதியில் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அதற்கென நிலம் அளித்தார். 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. தொடங்கி வைத்தவர், அந்நாளில் காங்கிரஸ் இயக்கத்தில் கதர்ப் பணிக்கு முன்னின்ற ஈ.வெ. இராமசாமி அவர்கள். கொள்கையால் பின்னர் எதிரெதிர்த் திசையில் சென்ற இரு பெருமக்களும் அன்று ஓர் அறச்செயலின் வாயிலில் ஒன்றாக நின்றனர்.

அப்போது இராஜாஜிக்கு வயது 46. சென்னையின் வாழ்வை விட்டு, தம் இளைய மகள் இலட்சுமியையும் மகன் நரசிம்மனையும் அழைத்துக்கொண்டு புதுப்பாளையத்துக் குடிசையில் குடியேறினார். மின்விளக்கோ குழாய் நீரோ இல்லாத இடம் அது. கே. சந்தானம் முதலிய கற்றறிந்த தொண்டர்கள் உடன் வந்தனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் ஆசிரமத்தில் ஏனையோருடன் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டனர். சுற்று வட்டாரத்தில் அந்நாளில் இதனை எல்லாரும் எளிதாக ஏற்றுக்கொண்டிருக்க இயலாது. நிலம் கொடுத்தவருக்கும் தம் ஊராரின் முகத்தைப் பார்க்கவேண்டிய நிலை உண்டு. எனினும் கொடுத்த நிலம் கொடுத்ததாகவே நின்றது.

இங்கு நாம் ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். ஒரு நிலக்கிழார் தம் நிலத்தை ஒரு புகழ்பெற்ற தலைவருக்குக் கொடுப்பது பெரிதன்று. அது பெருமை தரும் செயல். தாம் கொடுத்த நிலத்தில், தம் கண்ணெதிரே, அத்தலைவர் வெயிலிலும் மழையிலும் வாழ்வதைக் காண்பது வேறு. அந்நிலத்தில் மருந்தகம் எழுந்தது; சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நோயாளிகள் வந்தனர். பஞ்சு வந்தது, நூல் ஆயிற்று, துணி ஆயிற்று. கொடை தம் ஊரிலேயே வளர்வதைக் கொடுத்தவர் நாள்தோறும் கண்டார். ஓரி தன் கண்ணால் கண்டதைப் போல, இவரும் பெற்றவர் முகத்தைக் கண்டார். நிறுவனம் என்னும் திரை இடையே இருந்தும் அது மறைக்கவில்லை.

1925 மார்ச்சில் காந்தியடிகள் புதுப்பாளையத்திற்கு வந்தார். 1934இல் தம் அரிசன யாத்திரையின்போது மீண்டும் வந்தார். நெடுந்தொலைவில் இருந்த ஆதரவாளர்களுக்கு ஆசிரமத்தின் செய்தி, காந்தியடிகள் நடத்திய யங் இந்தியா இதழில் இராஜாஜி எழுதிய கட்டுரைகள் வழியே சென்றது. வறட்சியில் வாடும் சிற்றூர்கள், நூலைச் சுமந்து நெடுவழி நடந்து வரும் பெண்கள், கள்ளுக்கடையில் கரையும் கூலி என்று அவர் கண்டதை உள்ளவாறே எழுதினார். மிகைப்படுத்தி எழுதுவது அவர் இயல்பன்று. கொடையாளருக்குப் புகழுரை அனுப்பாமல் செய்தி அனுப்பினார் என்பதே இதன் சிறப்பு.

இராட்டையும் கணக்கும்

ஆசிரமத்தின் தலையாய பணி கதர். மழை பொய்த்த காலத்தில் வேலையின்றி இருந்த பெண்களுக்குப் பஞ்சு கொடுக்கப்பட்டது. அவர்கள் வீட்டிலிருந்தே இராட்டையில் நூற்று, சிட்டங்களாகக் கட்டிக் கொண்டுவந்தனர். நூல் எடை போடப்பட்டது, தரம் பார்க்கப்பட்டது, கூலி கையில் கொடுக்கப்பட்டது. அந்நூல் நெசவாளரிடம் சென்று துணியாகித் திரும்பியது. துணி விற்பனைக்குச் சென்றது. கூலி வாரத்திற்குச் சில அணாக்களே. ஆயினும் அடுப்பில் உலை ஏறாத வீட்டில் அச்சில அணாக்களே கம்பும் கேழ்வரகும் ஆயின.

பஞ்சக் காலத்தில் கஞ்சித் தொட்டி வைப்பதும் அறமே. ஆனால் கஞ்சி வாங்க நிற்பவர் தலை கவிழ்ந்து நிற்கிறார். நூல் கொண்டு வருபவர் தலை நிமிர்ந்து வருகிறார். தாம் கொண்டுவந்த பொருளுக்கு விலை பெறுகிறார். பெறுபவரின் மானத்தைக் காப்பது கொடையின் உயிர்நிலை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும், பெற்றவர் மனத்தைப் புண்படுத்துவதும் தருமத்தின் பயனையே அழித்துவிடும் என்பது திருக்குர்ஆனின் போதனை. அப்போதனை வேறு வழியில் புதுப்பாளையத்தில் நடைமுறையாகியது என்று கூறினால் அது மிகையாகாது.

இவ்வமைப்பில் இன்னொரு நன்மையும் இருந்தது. கொடையாளர் தரும் நூறு ரூபாய் கஞ்சியாகச் செலவானால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதுவே பஞ்சாகக் கொடுக்கப்பட்டால், நூலாகித் துணியாகி விற்று, மீண்டும் பணமாகித் திரும்பும். அதே நூறு ரூபாய் பலமுறை பலருக்குக் கூலியாகும். அதோடு, பஞ்சின் எடை, நூலின் எடை, துணியின் நீளம், விற்ற தொகை என்று ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் பணி அடுத்த நாள் நடவாது. 1925 செப்டம்பரில் அகில இந்திய நூற்போர் சங்கம் அமைந்த பின்னர், நாடெங்கும் கதர் நிலையங்களின் வரவு செலவு ஒரு முறைக்குள் வந்தது. கணக்கு என்பது கொடையாளர் கேட்டால் காட்டவேண்டிய ஒன்றாக அன்றி, பணியின் ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்டது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் வட்டாரத்தில் வழங்கும் பழமொழி. கஞ்சன் சொன்ன சொல் என்று அதனைச் சிலர் கருதுவர். நாமோ அதனை வள்ளலுக்குரிய சொல் என்றே கொள்வோம். அளந்து போட்டவரே எவ்வளவு போட்டோம் என்று அறிவார். அறிந்தவரே அடுத்த முறையும் போடுவார்.

ஆசிரமத்தின் மற்றொரு பணி மதுவிலக்கு. 1929இல் விமோசனம் என்னும் தமிழ் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற இரா. கிருஷ்ணமூர்த்தி அவ்விதழ்ப் பணியில் இராஜாஜிக்குத் துணைநின்றார். குடியை விட்ட வீட்டில் மிஞ்சும் காசே அவ்வீட்டாருக்குக் கிடைக்கும் முதற்கொடை என்பது இராஜாஜியின் உறுதியான கருத்து. மதுவை முற்றிலும் விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இப்பணியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மரக்கிளையில் தொங்கிய சோறு

புதுப்பாளையத்தில் ஐந்தாண்டுகள் சேர்த்த நம்பிக்கை, 1930இல் வேறோர் இடத்தில் சோதனைக்குள்ளாயிற்று. காந்தியடிகள் தண்டி யாத்திரை நடத்திய அவ்வாண்டில், தமிழகத்து உப்புச் சத்தியாகிரகத்தை இராஜாஜி தலைமையேற்று நடத்தினார். ஏப்ரல் 13ஆம் நாள் ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தார். அந்நடைப்பயணத்திற்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர் நம் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை.

வழியில் இருந்த தஞ்சை மாவட்டத்தின் ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று அறிவித்தார். அதுவரை அறச்செயலாக இருந்த விருந்தோம்பல் ஒரே நாளில் குற்றமாயிற்று. மக்கள் என் செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். கொடுத்தவர் யார் என்று காவலருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பது மேலானது என நபிமொழி போற்றும் மறைவான தருமம், காவிரிக் கரையில் இவ்வடிவம் கொண்டது. வேதாரணியத்தில் தொண்டர்களை வரவேற்ற வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றதோடு தம் சொத்துகளையும் இழந்தார்.

அம்மக்களுக்குக் கல்வெட்டு இல்லை; பொன்னாடை இல்லை; பெயர் கூட இல்லை. புகழுக்காகவே மக்கள் கொடுக்கின்றனர் என்று கூறுவோர்க்கு இந்நிகழ்ச்சி தக்க விடையாகும். நடந்து செல்பவர்கள் தமக்காக நடக்கவில்லை என்பதை உறுதியாக அறிந்தபோது, தண்டனையையும் பொருட்படுத்தாது மக்கள் கொடுத்தனர். தலைமையேற்று நடந்தவர் ஐந்தாண்டுகளாகச் சிற்றூர்க் குடிசையில் வாழ்ந்தவர் என்பது அவ்வுறுதிக்கு வலுவூட்டியது.

சட்டமும் கொடையும்

1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். யாகூப் ஹசன் சேட் அவர் அமைச்சரவையில் இடம்பெற்றார். பதவி ஏற்ற சில மாதங்களிலேயே, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள், மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரமம் பல்லாண்டு உழைத்த மண்ணையே அவர் முதற்களமாகத் தேர்ந்தார். கள், சாராய வரியால் வந்த வருவாயை அரசு இழக்க நேர்ந்தது. அக்குறையை ஈடுசெய்யும் வகையில் 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வணிகர்கள் அதனை விரும்பவில்லை.

நேற்றுவரை மக்களிடம் கேட்டுப் பெற்றவர், இன்று சட்டத்தால் பெற்றார். அரசுக்கு அது தவிர வேறு வழியில்லை. ஆயினும் வரிக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாகக் காணலாம். வரி கொடுப்பவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். கொடை கொடுப்பவரோ ஒவ்வொரு முறையும் புதிதாக நம்பவேண்டும். இராஜாஜியின் அரசியல் வாழ்விலும் மக்கள் ஏற்காத முடிவுகள் உண்டு. 1938இன் கட்டாய இந்தியும், 1953இன் கல்வித் திட்டமும் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தன, இரண்டும் நிலைக்கவில்லை. கூடியிருந்து கேட்டுச் செய்யும் ஆசிரம முறை, கோட்டையில் இருந்து ஆணையிடும்போது அவருக்குக் கைகொடுக்கவில்லை எனலாம்.

மதுவிலக்கின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டபோது, தொண்ணூறைக் கடந்த முதுமையிலும் இராஜாஜி முதலமைச்சரை நேரில் சந்தித்து அது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோள் பயனளிக்கவில்லை. சட்டத்தால் வந்தது சட்டத்தால் போயிற்று. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். அவருடைய நடைப்பயணத்திற்குப் பாட்டுத் தந்த நாமக்கல் கவிஞரும், 1967 தேர்தலில் அவரோடு ஒரே அணியில் நின்ற காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களும் அதே ஆண்டில்தான் மறைந்தனர்.

அவர் நிறுவிய அரசியல் கட்சியும் அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் புதுப்பாளையம் ஆசிரமம் நின்றது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது அது அம்மாவட்டத்தின் பெருமையாயிற்று. 2025இல் அதற்கு நூறாண்டு நிறைந்தது. ஆட்சியால் வந்தவை மறைய, நம்பிக்கையால் வந்தது நிலைத்தது.

நாம் பெறும் பாடம்

இராஜாஜியின் ஆசிரம வாழ்வை நம் அறநிலையங்களோடு ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. முஸ்லிம் சமுதாயத்திற்குக் கொடை புதிதன்று. ஜகாத் கடமை, சதகா விருப்பக்கொடை, வக்ஃபு நிலையான அறம். ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுக்கிறது; அதனைத் திரட்டிப் பகிரும் பணியாளரும் அவ்வெண்மருள் ஒருவர். கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது, அது முறையாகச் சென்று சேரவும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? வக்ஃபுச் சொத்தைக் காக்கும் முத்தவல்லி அதன் உரிமையாளர் அல்லர். அமானத்தாக அதனை ஏற்றவர். நிலைநிதி கெடுக்கும் என்று காந்தியடிகள் அஞ்சியதற்கு மருந்தும் இந்த அமானத் என்னும் உணர்வே.

திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றின. நம் சமுதாயத்தின் கல்விக்கூடங்கள் பலவும் வணிகப் பெருமக்களின் பெருங்கொடையாலும், பெயர் அறியப்படாத எளியோரின் சிறுகொடையாலும் எழுந்தவையே. இன்று நம் சமவெளியிலும் கொடுக்கும் கைகளுக்குக் குறைவில்லை. லாரித் தொழிலும் கோழிப்பண்ணையும் சவ்வரிசி ஆலையும் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் தொழிலும் பலரை உயர்த்தியுள்ளன. அவர்கள் ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கினால், குறை அவர்களிடம் மட்டுமே உள்ளது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

கொடையாளரின் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம், விழா எடுத்து மேடையில் அமர்த்துகிறோம், மாலை அணிவிக்கிறோம். அதன் பின்னர் அடுத்த தேவை வரும்வரை அவரை மறந்துவிடுகிறோம். அவர் அளித்த உதவித்தொகையால் படித்த மாணவர் எத்தனை பேர், அவர்களுள் தேறியவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர், மிச்சத்தொகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவதில்லை. தோல்வியையும் சேர்த்து எழுதி அனுப்பினால் கொடை நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறோம். உண்மை இதற்கு மாறானது. குறையைச் சொல்லாத கணக்கை வணிகர் நம்பமாட்டார். தம் கடையின் கணக்கில் நாள்தோறும் நட்டத்தையும் கண்டவர் அவர்.

மற்றொன்று, சிறுகொடையின் அருமை. ஆயிரம் ரூபாய் தருபவருக்குக் கொடுக்கும் மதிப்பில் ஒரு பங்கினைப் பத்து ரூபாய் தருபவருக்கு நாம் கொடுப்பதில்லை. நேட்டாலில் மாதச் சந்தாவே சங்கத்தைத் தாங்கியது. தஞ்சையில் ஒரு பொட்டலம் சோறே படையை நடத்தியது. சிறிதளவு கொடுப்பவரே நீண்டகாலம் கொடுப்பவர். பெருங்கொடையாளர் ஒருவரை மட்டும் நம்பிய நிறுவனம் அவர் மறைவோடு தளர்ந்துவிடும். சிறுகொடையாளர் பலரைப் பெற்ற நிறுவனம் தளர்வதில்லை.

முடிவுரை

மக்கள் முதன்முறை கொடுப்பது இரக்கத்தால் இருக்கலாம். கேட்டவரின் முகத்திற்காக இருக்கலாம். புகழுக்காகவோ நாணத்தாலோ கூட இருக்கலாம். தொடர்ந்து கொடுப்பதற்குக் காரணம் ஒன்றே. கொடுத்தது சென்று சேர்ந்தது என்னும் உறுதியே அது. அவ்வுறுதியை இராஜாஜி தம் துறவாலும், குடிசை வாழ்வாலும், உள்ளவாறு எழுதிய செய்தியாலும், பெறுபவரின் மானம் காத்த பணியாலும் பெற்றுத் தந்தார். அவர் மறைந்து ஐம்பதாண்டுகளுக்கு மேலாகியும் அவர் அமைத்த ஆசிரமம் நிலைத்திருப்பதே அதற்குச் சான்று.

மாணவ நண்பர்கள் இன்றே சிறிதளவேனும் கொடுக்கப் பழகவேண்டும்; கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்கவும் பழகவேண்டும். நாளை இவர்களே நிறுவனங்களை நடத்துவர். அப்போது கேட்காமலே கணக்குத் தருவர். சமுதாயப் பெரியோர்கள் கொடுப்பதோடு நில்லாது, ஆண்டுக்கொரு முறையேனும் நம் கல்வி நிலையங்களுக்கு வந்து, தம் கொடையால் படிக்கும் முகங்களைக் காணவேண்டும் என்று அன்புடன் வேண்டுகிறோம். கொடுக்கும் கரங்களையும் அதனைக் காக்கும் கரங்களையும் வல்ல இறைவன் அமானத்தில் தவறாதவையாக ஆக்கியருள்வானாக!